ஓய்வு நாள் நமது நாள்

வாரத்தில் ஏழு நாள்கள் உள்ளன. அவற்றுள் ஆறு நாள்கள் தோட்டத்திற்கு உரியவை; ஒரு நாள் நமக்கு உரியது. இஃது எவரும் மனமிரங்கி அளித்த சலுகை அன்று. நாட்டின் சட்டம் உறுதி செய்துள்ள உரிமையாகும். எனினும் தோட்டங்களுக்குச் சென்று தொழிலாளர் குடும்பங்களோடு அளவளாவும் நாம், "சென்ற ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு என்ன செய்தீர்கள்?" என்று வினவும்போது பெரும்பாலும் ஒரே வகையான விடையைத்தான் பெறுகின்றோம். "என்ன செய்தோம் ஐயா, துணி துவைத்தோம், கடைக்குப் போனோம், பொழுது போய்விட்டது" என்பதே அவ்விடை.

உரிமை சட்டத்தில் இருக்கின்றது. நாள் கையில் இல்லை. அந்நாள் எங்கே போயிற்று, அதை நம் குடும்பத்திற்கும் நண்பர்களுக்கும் எவ்வாறு மீட்டுக்கொள்வது என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

மரத்திற்கும் ஓய்வு உண்டு

பால்மரத்தின் இயல்பைப் பால்வெட்டும் தொழிலாளர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. இன்று வெட்டிய மரத்தை நாளை வெட்டுவதில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டும் தோட்டங்கள் உண்டு. இரண்டு நாள் விட்டு மூன்றாம் நாள் வெட்டும் தோட்டங்களும் உண்டு. வழிந்த பாலுக்கு ஈடாகப் பட்டைக்குள் புதிய பால் ஊறுவதற்குக் காலம் தேவை என்பதே இதற்குக் காரணம். பேராசை கொண்டு இடைவிடாமல் வெட்டினால் வெட்டுவாய் வறண்டு போகும். மரம் பால் தருவதையே நிறுத்திவிடும். அந்த வறட்சி கண்ட மரங்களை நம்மில் பலர் நம் நிரைகளிலேயே பார்த்திருக்கின்றோம்.

மரத்திற்குப் பொருந்தும் இவ்வுண்மை அதை வெட்டும் கைக்கும் பொருந்தும். ஒவ்வொரு முறையும் சீவி எடுக்கும் பட்டையின் கனம் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர். விடியற்காலை மங்கலில், கொசுக்கடியின் நடுவே, ஏறத்தாழ 500 முதல் 600 மரங்கள் வரை நின்று, குனிந்து, நிமிர்ந்து அந்த நுட்பத்தைக் காத்தல் வேண்டும். களைத்த கை சற்று ஆழமாக இறங்கினால் கத்தி மரத்தைக் காயப்படுத்திவிடும். காயம்பட்ட இடத்தில் வளரும் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக எழும்பும். பின்னர் அங்கே செவ்வையாக வெட்ட இயலாது. ஆகவே தொழிலாளியின் ஓய்வு தோட்டத்திற்கும் ஆதாயமே அன்றி இழப்பன்று.

ஆயினும் மரத்திற்கும் மனிதனுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. மரம் தனித்து நின்று ஓய்வு கொள்கின்றது. மனிதன் அவ்வாறு ஓய்வு கொள்ள இயலாது. உறங்கினால் உடல் தேறும். ஆனால் மனம் தேறுவதற்கு மனைவி மக்களின் முகம் வேண்டும், நண்பனின் பேச்சு வேண்டும், பெற்றோரின் அருகாமை வேண்டும். கணவனுக்குச் செவ்வாய், மனைவிக்கு ஞாயிறு, மகனுக்கு வியாழன் என்று ஓய்வு நாள்கள் சிதறிக் கிடந்தால், வீட்டில் மூவருக்கும் ஓய்வு இருக்கும். குடும்பத்திற்கு ஓய்வு இராது. ஓய்வு நாளின் சிறப்பு அது பொது நாளாக இருப்பதிலேயே அடங்கியுள்ளது.

இவ்வுரிமை வந்த வழி

இன்று நாம் எளிதாக எண்ணும் இவ்வுரிமை எளிதாக வந்ததன்று. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு அவர்தம் முதன்மையான கோரிக்கை. அதனோடு வேறு சில கோரிக்கைகளும் இருந்தன. பத்து மணி, பன்னிரண்டு மணி என நீளும் வேலை நாளை ஒழித்தல் வேண்டும். கள்ளுக்கடைகளை மூடுதல் வேண்டும். உறவினரும் நண்பர்களும் தோட்டத்திற்குள் தடையின்றி வந்து செல்ல வழிவிடல் வேண்டும் என்றும் அவர்கள் கேட்டார்கள். அப்போராட்டம் படைபலம் கொண்டு அடக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிர் நீத்தனர்.

அக்கோரிக்கைகளை இன்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். வயிற்றுக்குக் கூலி கேட்ட அம்மக்கள், அதே மூச்சில் தங்கள் உறவினர் வந்து போகும் உரிமையையும் கேட்டார்கள். கூலியால் மட்டும் மனித வாழ்வு நிறைவதில்லை என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். இன்று நம் வீட்டிற்கு வரும் விருந்தினரைத் தடுப்பார் எவரும் இல்லை. ஆனால் வரவேற்க நாம் வீட்டில் இருக்கின்றோமா என்பதே வினா.

1954ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் ஒன்றிணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் 1957 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. 1958ஆம் ஆண்டில் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் தோட்டத் தொழிலாளர்களுக்கென்றே 110ஆம் எண் உடன்படிக்கையை நிறைவேற்றியது. ஏழு நாள்களுக்கு ஒருமுறை, தொடர்ந்து 24 மணி நேரத்திற்குக் குறையாத ஓய்வு அளித்தல் வேண்டும் என்று அது கூறுகின்றது. அத்துடன், இயன்ற இடங்களிலெல்லாம் அவ்வோய்வைத் தொழிலாளர் அனைவர்க்கும் ஒரே வேளையில் அளித்தல் வேண்டும் என்றும், அந்நாட்டு வழக்கத்தில் ஏற்கெனவே உள்ள ஓய்வு நாளோடு பொருந்துமாறு அமைத்தல் வேண்டும் என்றும் அது வலியுறுத்துகின்றது. சேர்ந்திருப்பதுதான் ஓய்வு என்னும் கருத்தை உலக அவையும் ஏற்றுக்கொண்டது என்பதற்கு இது சான்றாகும்.

சட்டம் கூறுவது என்ன?

தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் நடைமுறையில் உள்ள வேலைவாய்ப்புச் சட்டம் ஓய்வு நாளைப் பற்றிக் கூறுவனவற்றுள் தோட்டத் தொழிலாளர் அறிந்திருக்க வேண்டியவற்றைச் சுருங்கக் கூறுவோம்.

ஒவ்வொரு தொழிலாளிக்கும் வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு நாளாக அளிக்கப்படுதல் வேண்டும். அஃது எந்தக் கிழமை என்பதை முதலாளி தீர்மானிக்கலாம். ஆனால் அதைத் தொழிலாளிக்கு முன்கூட்டியே அறிவித்தல் கட்டாயம். ஒவ்வொருவர்க்கும் வெவ்வேறு நாளாயின், மாதம் பிறக்கும் முன்னரே அட்டவணை தயாராகியிருத்தல் வேண்டும். அனைவர்க்கும் ஒரே நாளாயின், அதற்குரிய அறிவிப்பை வேலையிடத்தில் ஒட்டுதல் வேண்டும்.

ஓய்வு நாளில் வேலைக்கு வருமாறு எவரையும் கட்டாயப்படுத்தல் கூடாது என்பது பொது விதி. இடைவிடாது நடந்தாக வேண்டிய வேலை, மாற்று நேர முறையில் நடைபெறும் வேலை, விபத்து, இயந்திரங்களுக்கு உடனே செய்ய வேண்டிய பழுதுபார்ப்பு போன்ற சில நிலைமைகளே இதற்கு விலக்கு.

ஒருவர் தாமாக விரும்பி ஓய்வு நாளில் வேலை செய்தால் அதற்குரிய கூலியையும் சட்டம் வரையறுத்துள்ளது. நாள் கூலி பெறுவோர் ஒருவரின் ஒரு நாள் கூலி 70 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஓய்வு நாளில் அவர் வழக்கமான வேலை நேரத்தில் பாதி வரை வேலை செய்தால் ஒரு நாள் கூலியாகிய 70 வெள்ளியும், பாதிக்கு மேற்பட்டு வழக்கமான நேரம் முடிய வேலை செய்தால் இரு நாள் கூலியாகிய 140 வெள்ளியும் பெறுதல் வேண்டும். எடைக் கணக்கில் கூலி பெறுவோர்க்கு வழக்கமான வீதத்தைப் போல் இரு மடங்கு வழங்கப்படுதல் வேண்டும். கூட்டு ஒப்பந்தம் இதனினும் கூடுதலாக வழங்கலாம். குறைத்து வழங்க இயலாது.

இவற்றோடு, அரசிதழில் வெளியிடப்பட்ட 11 பொது விடுமுறை நாள்கள் கூலியோடு கூடியவை. பொது விடுமுறை ஓய்வு நாளன்று வருமாயின், அதற்கடுத்த வேலை நாள் கூலியோடு கூடிய விடுமுறையாகும். ஆண்டு விடுப்பு, ஈராண்டுக்குக் குறைந்த சேவைக்கு 8 நாள்கள். ஈராண்டு முதல் ஐந்தாண்டுக்கு உட்பட்ட சேவைக்கு 12 நாள்கள். ஐந்தாண்டும் அதற்கு மேலும் ஆன சேவைக்கு 16 நாள்கள். 2023ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொட்டு வார வேலை நேரத்தின் உச்ச வரம்பு 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்துள்ளது என்பதையும் நினைவில் கொள்ளல் நலம்.

இச்சட்டம் உள்நாட்டுத் தொழிலாளிக்கு மட்டும் உரியதன்று. அயல்நாடுகளிலிருந்து வந்து நம்மோடு பிரட்டில் நிற்கும் தோழர்களுக்கும் இதே ஓய்வு நாள் உண்டு. ஐயமோ குறையோ எழுமாயின் முதலில் சங்கப் பிரதிநிதியிடம் கூறலாம். அருகிலுள்ள தொழிலாளர் இலாகா அலுவலகத்தையும் நாடலாம்.

நாள் எங்கே போயிற்று?

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் ஓய்வு நாள் கைநழுவுவது ஏன்? அதற்குரிய காரணங்கள் பல.

முதற் காரணம் பணமுடை. நாள் கூலி பெறும் தொழிலாளிக்கு, வேலை செய்யாத ஓய்வு நாளில் கூலி இல்லை. எனவே ஞாயிறு என்பது பலர் கண்களுக்குக் கூலி இழக்கும் நாளாகத் தோன்றுகின்றது. தோட்டத்தில் கைக்காசு வேலை கிடைத்தால் அதற்குப் போகின்றார்கள். கிடைக்காவிடில் அண்டைத் தோட்டத்தில் புல் வெட்டவோ பட்டணத்தில் கட்டட வேலைக்கோ போகின்றார்கள். பிள்ளைகளின் படிப்புக்காகவும் வீட்டுக் கடனுக்காகவும் உழைக்கச் செல்வோரைக் குறைகூற நாம் முன்வரவில்லை. தேவை உண்மையானது. ஆனால் ஒரு முறைக்கென்று போன ஞாயிறு வழக்கமாகிவிடுவதையும், அப்பணம் எதற்காகத் தேடப்பட்டதோ அது முடிந்த பின்னும் வழக்கம் முடியாமல் நீடிப்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டுகின்றோம்.

இரண்டாவது, மழை. மழையால் வேலை நின்ற நாளை ஓய்வு நாளாகக் கருதிக்கொண்டு, "அதுதான் புதன்கிழமை வீட்டில் இருந்தோமே" என்று ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போவோர் உண்டு. மழை நாளில் உடல் வீட்டில் இருக்கின்றது; மனமோ வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கின்றது. பிள்ளைகள் பள்ளியில் இருக்கின்றார்கள். எந்த உறவினர் வீட்டிற்கும் முன்னரே சொல்லி அனுப்ப இயலாது. எதிர்பாராமல் வந்த சும்மா இருத்தலும் எதிர்பார்த்து வந்த ஓய்வும் ஒன்றல்ல. ஓய்வு நாளை முன்கூட்டியே அறிவிக்குமாறு சட்டம் பணித்திருப்பதன் பயன் இங்கேதான் விளங்குகின்றது.

மூன்றாவது, சிதறிய குடும்பம். தோட்டத்தில் பெற்றோர், பட்டணத்துத் தொழிற்சாலையில் மகனும் மகளும். மாற்று நேர வேலை செய்யும் பிள்ளைக்கு எந்த நாளும் ஓய்வு நாளாக அமையலாம். பெற்றோர் வீட்டில் இருக்கும் ஞாயிறன்று மகன் இயந்திரத்தின் முன் நிற்கின்றான். அவன் வரும் நாளில் பெற்றோர் வெளிக்காட்டில் இருக்கின்றார்கள். பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பும் பிள்ளை, நாளடைவில் வருவதையே குறைத்துக்கொள்கின்றான்.

நான்காவது, மது. கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்று 1941ஆம் ஆண்டிலேயே தொழிலாளர்கள் தாமே கேட்டார்கள் என்பதை மேலே கண்டோம். ஓய்வு நாளின் முற்பகல் குடியிலும் பிற்பகல் உறக்கத்திலும் மாலை சண்டையிலும் கழிந்த வீட்டில், பிள்ளைகள் ஞாயிறு வருகின்றதே என்று அஞ்சுவார்கள்.

ஐந்தாவது, கைத்தொலைபேசி. நால்வர் ஒரே அறையில் அமர்ந்திருக்கின்றார்கள். நால்வர் கண்களும் நான்கு திரைகளில். உடல்கள் கூடியிருத்தல் மட்டும் கூடியிருத்தல் ஆகாது.

பெண்களுக்கு ஓய்வு நாள் எது?

இங்கே ஒன்றை வெளிப்படையாகக் கூறுதல் நம் கடமை. கணவனும் மனைவியும் ஒரே பிரட்டுக்குப் போகின்றார்கள். ஒரே மாதிரி நிரை வெட்டுகின்றார்கள். ஒரே மாதிரி பால் வாளி சுமக்கின்றார்கள். ஆனால் ஓய்வு நாள் வந்ததும் கணவனுக்கு வேலை நிற்கின்றது. மனைவிக்கு வேலை இடம் மாறுகின்றது. ஒரு வாரத்துத் துணி, வீடு கழுவுதல், சந்தை, வழக்கத்தினும் பெரிய சமையல் எல்லாம் அவளுக்காகக் காத்திருக்கின்றன. நண்பர்களும் உறவினரும் வந்தால் வீடு மகிழ்கின்றது. அடுப்படியில் நிற்பவளுக்கோ அந்த மகிழ்ச்சி பாத்திரங்களாகக் குவிகின்றது.

சட்டம் அவளைத் தோட்டத்து வேலையிலிருந்து ஒரு நாள் விடுவிக்கும். வீட்டு வேலையிலிருந்து விடுவிக்க எந்தச் சட்டத்தாலும் இயலாது. அதைச் செய்ய வல்லவர்கள் வீட்டில் உள்ளவர்களே. வீட்டில் ஒருவர் ஓய்வின்றி உழைக்க மற்றவர்கள் இளைப்பாறுவது அக்குடும்பத்தின் ஓய்வு நாள் ஆகாது. துணியைச் சனிக்கிழமைப் பிற்பகலிலேயே அனைவரும் சேர்ந்து துவைத்து முடிக்கலாம். சந்தைக்குக் கணவன் போகலாம். மீனை வாங்கியவரே கழுவி நறுக்கலாம். ஆண் பிள்ளைகள் பாத்திரம் துலக்கக் கற்றுக்கொள்ளலாம். அதனால் அவர்கள் பெருமை குறைந்துவிடாது. தாய் ஒருத்தி நிழலில் பாயை விரித்து, பகற்பொழுதில் ஒரு மணி நேரம் கால் நீட்டி அமர்ந்திருப்பதைப் பிள்ளைகள் காண வேண்டும்.

மீட்கும் வழிகள்

இனி, இன்றே தொடங்கக்கூடிய சில வழிகளைக் கூறுவோம்.

ஒன்று: மாதத் தொடக்கத்தில் நாட்காட்டியை எடுத்து வீட்டில் அனைவரின் ஓய்வு நாள்களையும் குறியுங்கள். தொழிற்சாலையில் உள்ள பிள்ளைகளின் அட்டவணையையும் கேட்டுக் குறியுங்கள். எல்லார்க்கும் பொதுவாக ஒரு நாள் கிடைத்தால் அதை வட்டமிடுங்கள். கிடைக்காவிடில், ஒருவர் ஒரு நாள் ஆண்டு விடுப்பு எடுத்தேனும் மாதத்தில் ஒரு பொது நாளை உண்டாக்குங்கள். பொது விடுமுறை ஓய்வு நாளோடு சேர்ந்து வரும் வாரங்களில் இரண்டு நாள்கள் தொடர்ந்து கிடைக்கும். தொலைவில் உள்ள உறவினரைக் காண அதுவே தக்க தருணம்.

இரண்டு: ஓய்வு நாள் வேலையை அறவே விட இயலாதோர் அதற்கு ஓர் எல்லை வகுத்துக்கொள்ளலாம். இன்ன செலவுக்காக, இத்தனை ஞாயிறுகள் மட்டும் என்று கணவனும் மனைவியும் முன்னரே பேசித் தீர்மானியுங்கள். அச்செலவு முடிந்ததும் ஞாயிறு வீட்டிற்குத் திரும்பி வந்தாக வேண்டும். வேலை செய்த நாளுக்குரிய இரட்டைக் கூலி சம்பளச் சீட்டில் சரியாக வந்துள்ளதா என்றும் பாருங்கள்.

மூன்று: ஆடு மாடு வளர்ப்போர்க்கு ஓய்வு நாளே இல்லை, மாட்டுக்கு ஞாயிறு தெரியாது. அண்டை வீட்டார் இருவர் ஒத்துப் பேசிக்கொண்டால் ஒரு வாரம் ஒருவர், மறுவாரம் மற்றவர் என இரு வீட்டு மாடுகளையும் கவனித்துக்கொள்ளலாம். கைம்மாற்று என்பது நம் முன்னோர் வழக்கமே.

நான்கு: ஒரு வேளை உணவையேனும் அனைவரும் ஒன்றாக அமர்ந்து உண்ணுங்கள். பெரிய சமையல் தேவையில்லை; சோறும் ஒரு குழம்பும் போதும். அவ்வேளையில் தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் ஓய்வு கொள்ளட்டும். பிள்ளைகள் பேசட்டும், பெரியவர்கள் கேட்கட்டும். பள்ளியில் ஒரு பிள்ளைக்கு என்ன துன்பம் என்பது பெரும்பாலும் இத்தகைய வேளையில்தான் வெளிப்படும்.

ஐந்து: நண்பர்களை மறவாதீர்கள். வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். நட்பை ஆராய ஐந்து அதிகாரங்கள் வகுத்தார். ஒரே நிரையில் இருபது ஆண்டுகள் வெட்டியவர், ஓய்வு பெற்றுத் தனியே இருக்கலாம். பிள்ளைகள் பட்டணம் போய்விட, வயதான தம்பதியர் கடைசி வீட்டில் பேச ஆளின்றி இருக்கலாம். கையில் ஒன்றும் கொண்டு போக வேண்டியதில்லை. அரை மணி நேரம் திண்ணையில் அமர்ந்து பேசிவிட்டு வந்தால் போதும்.

ஆறு: தோட்டத்திற்குப் பொதுவான ஒரு நிகழ்ச்சி இருத்தல் நன்று. திடலில் இளைஞர்க்குப் பந்தாட்டம், கோயிலில் கூட்டு வழிபாடு, தமிழ்ப்பள்ளி வளாகத்தைச் சேர்ந்து துப்புரவு செய்தல், பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் கதை சொல்லுதல் ஆகியவற்றுள் எதுவும் ஆகலாம். மாலையில் செய்ய நல்ல வேலை உள்ள இளைஞனை மது எளிதில் அழைத்துச் செல்லாது.

நிறைவாக

ஓய்வு நாளைக் காக்கும் பொறுப்பு மூவரிடம் உள்ளது. சட்டத்தை நடைமுறைப்படுத்துவது அரசின் பொறுப்பு. நாளை முறையாக அறிவித்து, கட்டாயப்படுத்தாமல், உரிய கூலி வழங்குவது நிர்வாகத்தின் பொறுப்பு. கிடைத்த நாளைக் குடும்பத்தின் நாளாக ஆக்குவது நம் பொறுப்பு. முதல் இரண்டும் குறைந்தால் முறையிட இடம் உண்டு. மூன்றாவது குறைந்தால் முறையிட இடமில்லை.

இழந்த கூலியை அடுத்த மாதம் ஈட்டலாம். பிள்ளையின் இளமையை மீண்டும் ஈட்ட இயலாது. ஏழு வயதில் தந்தையின் தோளேறித் திடலுக்குப் போக விரும்பும் மகன், பதினேழு வயதில் தோளேற மாட்டான். ஆதலின், வரும் ஓய்வு நாளுக்கு இன்றே வீட்டில் கலந்து பேசுங்கள். துணியைச் சனிக்கிழமையே துவைத்து முடியுங்கள். யார் வீட்டிற்குப் போவது, யாரை வரச் சொல்வது என்பதை முடிவு செய்யுங்கள். அந்த ஒரு நாள் நம்முடையதாக அமைந்தால், மறுநாள் விடியற்காலைப் பிரட்டுக்குப் போகும் கால்களில் புதிய வலு இருக்கும்.